மீன் தொட்டியும் வீடு மாற்றமும்

உத்தியோக நிமித்தமாகவோ பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டோ சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபெயர்கிற ஒரு குடும்பத்தில், பீரோ, கட்டில், கிரைண்டர் முதலிய சகல சாமான்களையும் லாரியில் ஏற்றுவதற்கு ஏற்பாடு செய்து முடித்த பிறகு, கூடத்து மூலையில் மூன்றடி நீளத்துக்கு நிற்கும் கண்ணாடித் தொட்டியின் முன்னால் வந்ததும் எல்லோருடைய சாமர்த்தியமும் சற்றே தயங்கி நின்றுவிடுகிறது. சாமான் கட்ட வந்த ஆட்கள், "இதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க சார்" என்று முன்கூட்டியே கையை விரித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமே. இருந்தாலும், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரம் என்பது, முறையாகக் கட்டி எடுத்துச் செல்லப்படும் மீனுக்கு அப்படியொன்றும் அசாத்தியமான பிரயாணம் அல்ல. சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக மீன்கள் வெளியூர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

சாதாரணமாக எல்லோரும் அஞ்சுவது வண்டியின் குலுக்கலைத்தான். ஆனால் மூடிய பைக்குள் மீனுக்கு எமனாக வருவது அதனுடைய சொந்தக் கழிவே. தின்ற தீனியிலுள்ள புரதம் ஜீரணமான பின் எஞ்சுவது அம்மோனியாவாக, பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே நீரில் கலந்துவிடுகிறது. மூச்சு விடுவதனால் கரியமிலவாயுவும் கூடவே சேர்கிறது. தொட்டியில் இருக்கும்வரை அந்த அம்மோனியாவை உடனுக்குடன் மாற்றிவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியிருந்தன. பைக்குள்ளோ அந்தச் சகாயம் கிடையாது. இதனுடன் உஷ்ணமும் சேர்ந்துகொண்டால் சங்கடம் இரட்டிப்பாகிறது. ஏனெனில் 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்குமென்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதே வேளையில், சூடு ஏற ஏற மீனின் உடல் முன்னிலும் அதிகமான பிராணவாயுவைக் கேட்கிறது. ஆகவே கழிவைக் குறைப்பது, பிராணவாயுவைப் பெருக்குவது, சூடேறாமல் காப்பது ஆகிய இம்மூன்றிலும் கருத்தாக இருப்பவனுக்கு மீன் பிரயாணத்தில் பயப்படுவதற்கு அதிகமாக ஒன்றுமில்லை.

பிராணவாயு சிலிண்டரும் பாலிதீன் பையும் வழக்கத்துக்கு வருமுன்பே இந்த வித்தையை நன்கு அறிந்திருந்தவர்கள் வங்காளத்து மீன்குஞ்சு வியாபாரிகள். ஆற்றிலே பிடித்த குஞ்சுகளை 'ஹண்டி' என்னும் மண்பானைகளில் நீரோடு நிரப்பி, ரயிலில் ஏறி, ஊர் போய்ச் சேரும்வரை பானைக்குள் கையைவிட்டுத் தண்ணீரை ஓயாமல் அலம்பிக்கொண்டே வருவார்கள். காற்று நீரில் கலப்பதற்கு அதுவே உபாயம். இரவெல்லாம் கண்விழித்துக் கையசைத்த அந்த மனிதர்களின் பொறுமையை நினைத்தால், ஒரு பையைக் கட்டிக் கொடுக்கக் கடைக்காரர் கேட்கும் சொற்பக் கூலிக்குப் பேரம் பேச மனம் வராது.

முதல் காரியம் பட்டினி. பிரயாணம் போகிறவர்களுக்குக் கட்டுச்சாதம் கட்டிக் கொடுத்தே பழகிய நமக்கு, புறப்படுகிற மீன்களுக்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டுமென்றால் மனம் ஒப்புவதில்லை. வீட்டுக் குழந்தைகள் இரக்கப்பட்டு ரகசியமாக இரண்டு உருண்டை போட்டுவிடுவதும் உண்டு. வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியால் வாடிவிடாது. பெருந்தீனிக்காரனாகிய தங்கமீனுக்கு இரண்டு நாள்கூட நிறுத்தலாம். வயிறு காலியாக இருந்தால் பையிலுள்ள நீர் பல மணி நேரம் தெளிவாகவே இருக்கும். பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

இரண்டாவது காரியம் பிடிப்பது. நிறைந்த தொட்டியில் வலையை விட்டு மீனை மூலைக்கு மூலை துரத்துவது, பிரயாணம் தொடங்குமுன்பே அதைக் களைத்து மூச்சிரைக்க வைப்பதாகும். அலங்காரக் கற்களையும் செடிகளையும் முதலில் அப்புறப்படுத்தி, தண்ணீரை மூன்றில் ஒரு பங்காக இறக்கிவிட்டால், மீன்கள் ஓடுவதற்கு இடமின்றி ஒதுங்கி நிற்கும். அப்போது ஒரு பிளாஸ்டிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து நீரோடு முகந்தெடுக்கலாம். வலையின் நூல் உரசுவதால் மேனியிலுள்ள வழவழப்பான பூச்சு போய்விடுகிறது. நோய்க்கிருமிகளுக்கு எதிராக மீன் அணிந்திருக்கும் முதல் கவசம் அதுதான்.

பை கட்டுவதைக் கடையில் அருகே நின்று பார்த்தால் அதிலுள்ள நுணுக்கம் விளங்கும். நீளமான பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீரை ஊற்றி, மீனை விட்டு, பையை மெதுவாக அமுக்கி உள்ளேயிருந்த காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, சிலிண்டரிலிருந்து வரும் குழாயை நீருக்குள் செருகித் திருகைத் திறக்கிறார் கடைக்காரர். பை தலையணை போல் உப்பியதும் குழாயை உருவி, வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்குகிறார். பிறகு அந்தப் பையைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் போட்டு அதையும் கட்டுகிறார். பையின் அடிமூலைகளில் சிறு மீன்கள் புகுந்து நசுங்கிப்போவது வழக்கமாதலால், அந்த மூலைகளையும் மடித்துக் கட்டி உருண்டையாக்கிவிடுகிறார். வெறும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதானே. பையில் அடைத்ததோ கிட்டத்தட்ட முழுவதும் பிராணவாயு. ஆகவே ஒரு பைக்கு நாலைந்து சிறு மீன்களுக்கு மேல் போடாமல் விட்டால், ஒரு பகலும் ஓர் இரவும் கவலையின்றிக் கழியும். இந்த வசதியைச் சொந்தக் கையால் செய்ய முயல்வதைவிட, புறப்படும் நாளன்று மீன்களை வாளியில் கொண்டுபோய்க் கடையிலேயே கட்டி வாங்கிவருவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

பையில் ஊற்றும் நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைப்பவர்களும் உண்டு. நன்னீர் மீனின் உடலுக்குள் உப்பு அதிகம், வெளிநீரில் குறைவு. அதனால் செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டிருக்க, மீன் அதை வெளியேற்றச் சதா உழைத்துக்கொண்டிருக்கிறது. களைத்த மீனுக்கு அந்த உழைப்பைச் சிறிது லேசாக்குவதற்கே இந்த உப்பு.

ஜாதிக்கு ஜாதி சில வித்தியாசங்களும் உண்டு. ஃபைட்டர் மீன்களை ஒன்றுக்கொரு பையாகத் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதுவும் கௌராமியும் நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகவும் மூச்சு வாங்குகிற ஜாதியாதலால், நீருக்கு மேலே தாராளமான இடைவெளி வேண்டுமென்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த மீன்களின் முள் பையைக் குத்திவிடும். அவற்றுக்கு இரு பைகளின் நடுவே பழைய செய்தித்தாளைச் சுற்றிவைப்பதோ, மூடியுள்ள வாளியில் விட்டு பேட்டரிப் பம்பால் காற்றூட்டுவதோ நல்லது. இரண்டடி நீளத்துக்கு வளர்ந்துவிட்ட அரோவானா போன்றவற்றை என்ன செய்வது என்று கேட்டால், நல்ல இடம் பார்த்து இங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள் என்றே சொல்வேன். பாசத்தின் பேரில் அவற்றைக் குறுகிய பையில் அடைப்பது கருணை ஆகாது.

கட்டிய பைகளை தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளிகளில் காகிதத்தைத் திணித்து மூடிவிட வேண்டும். உள்ளே இருட்டாக இருந்தால் மீன்கள் பரபரப்பு அடங்கி அசையாமல் நிற்கும். அசைவு குறைந்தால் மூச்சும் குறையும், கழிவும் குறையும். பெட்டி உங்களுடன் காரில் வர வேண்டுமேயன்றி லாரியில் போகக் கூடாது. பொழுது சாய்ந்தபின் புறப்பட்டு, விடியற்காலையில் போய்ச் சேரும்படி திட்டமிட்டால் வெயிலின் உபத்திரவம் இராது. வழியில் சேலத்திலோ வேறெங்கோ காபிக்காக இறங்கும்போது, அது பகல் வேளையாக இருந்தால், பூட்டிய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போவது மிகப் பெரிய அபாயம். கால் மணிக்கொரு தரம் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய 127 லிட்டர், அதாவது 127 கிலோ எடை. பாதி நீரும் கூழாங்கல்லுமாக அதைத் தூக்கினால் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும். முற்றிலும் காலி செய்து, அடியில் கைகொடுத்துத் தூக்கி, தெர்மாகோல் பலகையின் மேல் நிமிர்த்தியே வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் வடிகட்டியைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லியே ஆக வேண்டும். நம்மவர்களில் பெரும்பாலோர், பழகிய தண்ணீர் என்று கேன் கேனாகத் தொட்டி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அழுக்கடைந்திருக்கிறதே என்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை மட்டும் குழாயடியில் பளிச்சென்று கசக்கிக் கழுவிவிடுகிறார்கள். உறைமோரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தயிர்ப்பானையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போகிற காரியம் இது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதியில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பது சொற்பம். அவை ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றை அழித்துவிடும். ஆகையால் ஸ்பாஞ்சைக் கழுவாமல், தொட்டி நீரில் நனைந்தபடியே ஒரு வாளியில் இட்டு, மூடியை இறுக்காமல் கொண்டுபோக வேண்டும். ஈரம் எவ்வளவு அவசியமோ காற்றும் அவ்வளவு அவசியம். நீர் நிறைந்த வடிகட்டியை அப்படியே அடைத்து மூடி எடுத்துச் சென்றால், சில மணி நேரத்திற்குள் உள்ளேயிருக்கும் பிராணவாயு தீர்ந்து அந்த உயிர்கள் மடியத் தொடங்கிவிடும்.

அப்படியானால் பழைய நீர் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். அதன் உபயோகம் வேறு. சென்னை வீடுகளின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் மிகுந்தது. கோவையில் சிறுவாணி நீர் வருகிற வீடாக இருந்தால், அதுவோ மென்மையான நீர். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மீனின் உடல் ஒரே நாளில் கடப்பது கடினம். இரண்டு மூன்று இருபது லிட்டர் கேன்களில் பழைய நீரைக் கொண்டுபோய், குளோரின் நீக்கிய புது நீருடன் சரிபாதியாகக் கலந்து தொடங்கி, வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போகலாம். கப்பி, மாலி போன்றவை கடின நீரையே விரும்புகிறவை. மென்னீரில் மாலி சுகப்படுவதில்லை. டெட்ராக்களுக்கோ இந்த இடமாற்றம் நல்ல காலம்தான்.

வீடு போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து பைகளை அவிழ்க்க அவசரப்படக் கூடாது. தொட்டியை அமைத்து, நீர் நிரப்பி, வடிகட்டி ஓடத் தொடங்கிய பிறகே பைகளைக் கட்டவிழ்க்காமல் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட வேண்டும். உஷ்ணம் சமப்படுவதற்கு அது போதும். அதன்பின் செய்ய வேண்டியதில்தான் பலர் தவறுகிறார்கள். பையைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஒரு மணி நேரம் மீனைப் பழக்குவது, பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வாங்கி வந்த மீனுக்குச் சரி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அடைபட்டிருந்த மீனுக்கு அது ஆபத்து. பைக்குள் சேர்ந்த கரியமிலவாயுவினால் நீர் புளிப்பேறியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கில்லாத அம்மோனியமாகவே கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு பறந்துவிடுகிறது. நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அதுவரை தூங்கிக்கிடந்த விஷம் விழித்துக்கொள்கிறது. 28 டிகிரி உஷ்ணத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது விஷ வடிவிலுள்ள அம்மோனியா நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது, பி.எச். 8 ஆகும்போதோ நூற்றுக்கு ஆறரைப் பங்கு ஆகிவிடுகிறது. எனவே திறந்தவுடனே மீனை மட்டும் முகந்து தொட்டியில் விட்டு, பை நீரைச் செடிக்கு ஊற்றிவிடுவதே உத்தமம்.

லாரி வந்து சேராமல் தொட்டி கைக்குக் கிடைக்கவில்லையென்றால், பெரிய பிளாஸ்டிக் டப்பில் கொண்டுவந்த நீரை ஊற்றி, அந்த ஸ்பாஞ்சையும் போட்டு, காற்றுப் பம்பை ஓடவிட்டு மீன்களை இரண்டு நாள்கூட வைத்திருக்கலாம். முதல் நாள் விளக்குப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் முதல் வழக்கத்தில் பாதியாக ஆரம்பித்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு வாரத்துக்குத் தினந்தோறும் பார்த்துவர வேண்டும். எது சிறிது தலைகாட்டினாலும் கால்பங்கு நீரை மாற்றினால் அடங்கிவிடும். புது ஊர்க் கடைகளின் கண்ணாடிக்குள் பளபளக்கும் புதிய மீன்களை வாங்கிச் சேர்க்கும் ஆசையை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். ஏனெனில் பிரயாணத்தில் நலிந்த ஸ்பாஞ்சின் குடித்தனக்காரர்கள் பெருகி, வீட்டிலுள்ள மீன்களின் கழிவை முன்போல் சமாளிக்கும் அளவுக்குத் தேறுவதற்கு ஏறக்குறைய அத்தனை காலம் பிடிக்கும்.