பகடைப் புழுக்கை

மாடு போட்டால் சாணம், ஆடு போட்டால் புழுக்கை, யானை போட்டால் லத்தி, கழுதை போட்டால் விட்டை. இப்படிப் பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்த தமிழும் ஆஸ்திரேலியாவின் வாம்பேட்டிடம் சற்றுத் திணறும். அது போடுவது பகடைக்காய் போல ஆறு முகமும் மூலைகளுமாக வந்து விழுகிறது.

வாம்பேட், கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. ஒரு மீட்டர் நீளம், குட்டைக் கால்கள், திரண்ட உடம்பு. வளை தோண்டி வாழும். இரவில் புல் மேயும். தோண்டும் மண் குட்டியின்மேல் விழாதபடி பையின் வாய்கூடப் பின்பக்கம் பார்த்திருக்கும்.

புழுக்கை சதுரம் என்றால் அது வெளிவரும் வாசலும் சதுரமாக இருக்குமோ? இல்லை, வட்டம்தான். பிறகு மூலை எங்கே முளைக்கிறது?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த பட்ரிசியா யாங்கும் டேவிட் ஹூவும், டாஸ்மேனியாவின் ஸ்காட் கார்வரும் சேர்ந்து இதைத் தேடினார்கள். சாலையில் அடிபட்டுப் பிழைக்க வழியில்லாமல் போன வாம்பேட்டுகளின் குடலை அறுத்துப் பார்த்தார்கள். சுமார் பத்து மீட்டர் நீளக் குடலில் கடைசி 17 சதவீதத்தில்தான் கட்டி வடிவம் உருவாகியிருந்தது. அங்கே குடல்சுவர் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்கள் இரண்டு மடங்கு தடிப்பு, நான்கு மடங்கு விறைப்பு. இடையிடையே தளர்ந்த பகுதிகள்.

பாவாடை இடுப்பில் புது எலாஸ்டிக்கையும் நைந்த எலாஸ்டிக்கையும் மாற்றி மாற்றித் தைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்து விட்டால் புதியது வெடுக்கென்று சுருங்கும். நைந்தது மெல்ல வரும். குடலும் அப்படித்தான் சுருங்குகிறது. விறைத்த இடம் முந்த, தளர்ந்த இடம் பிந்த, உள்ளே நாள்கணக்கில் நீர் வற்றி இறுகும் சக்கைக்கு மூலை விழுகிறது. இதைக் கணித மாதிரி அமைத்தும் சோதித்து, 2021இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள்.

வாம்பேட் பாறைமேலும் மரக்கட்டைமேலும் புழுக்கை போட்டு எல்லை குறிக்கும். சதுரமாக இருந்தால் உருண்டு விழாது என்பது ஓர் ஊகம்.

முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு, கட்டுரை வெளிவருமுன்பே, 2019இல் இந்தப் புழுக்கை ஆய்வுக்குக் கிடைத்தது. பெரும்பாலான பாலூட்டிகள், உடம்பு எத்தனை பெரிதானாலும், சிறுநீர் கழிக்க ஏறத்தாழ 21 விநாடிதான் எடுக்கின்றன என்று கண்டதற்காக யாங், ஹூ இருவருக்கும் 2015இலேயே அதே பரிசு கிடைத்திருந்தது.

செங்கல் அறுக்க அச்சு வேண்டும். மைசூர்பாகு துண்டு போடக் கத்தி வேண்டும். கட்டிக்கு மூலை வைக்க நமக்குத் தெரிந்தவை இந்த இரண்டு வழிகள்தான். வாம்பேட் மூன்றாவது வழியை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.