ஸ்விஃப்ட் காசுக்கு சொகுசு கார்... வாங்கலாமா பாஸ்?

காதர்பேட்டையில செகண்ட்ஸ் டி-ஷர்ட் பொறுக்கின அனுபவம் இருக்கா? இருந்தா, இந்த மேட்டர் உங்களுக்குப் பாதி புரிஞ்ச மாதிரிதான்.

வெளிநாட்டு லேபிள், அடிமாட்டு விலை. உடனே வாங்கிடுவீங்களா? மாட்டீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஓட்டை இருக்கா, நீடில் லைன் ஓடியிருக்கா, ஆயில் கறை தெரியுதான்னு புரட்டிப் பார்ப்பீங்க. 200 ரூபாய் பனியனுக்கு இவ்வளவு உஷார்! ஆனா, '5 லட்சத்துக்கு ஜெர்மன் கார்'னு போன்ல ஒரு போட்டோ வந்தா போதும்... நம்ம பசங்க மூளையைக் கழட்டி டேஷ்போர்டுல வெச்சிட்டு அட்வான்ஸ் கொடுத்துடறாங்க. படிப்பு முடிஞ்சு அப்பாவோட கம்பெனியில உட்கார்ந்த உடனே வர்ற முதல் ஆசையே இதுதானே?

ஆசை தப்பில்லை. கணக்குதான் தப்பாப் போகுது. 50 லட்ச ரூபாய் கார் பத்துப் பதினஞ்சு வருஷத்துல 5 லட்சத்துக்கு இறங்கிடும். ஆனா அதோட ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் 50 லட்ச ரூபாய் காரோட ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும்தான். விலை இறங்கறது வண்டிக்கு மட்டும்தான், பார்ட்ஸுக்கு இல்லை. ஸ்விஃப்ட் விலையில வாங்கிட்டு ஸ்விஃப்ட் செலவுல ஓட்டிடலாம்னு நினைக்கிறவர்தான் ஆறே மாசத்துல அதை ஷெட்டுல போட்டு தார்ப்பாய் மூடறார்.

அதுக்காக, பழைய சொகுசு கார்னாலே வெள்ளை யானைன்னு சொல்லிட முடியாது. பென்ஸ் டபிள்யூ 124 கேள்விப்பட்டிருப்பீங்க. 1984-ல வெளிவந்து, உலகம் பூரா 25 லட்சத்துக்கு மேல வித்த மாடல். மெர்சிடிஸ் நம்ம நாட்டுல டெல்கோவோட கூட்டு சேர்ந்து 1995-ல புனேயில் முதன்முதலா அசெம்பிள் பண்ணினதும் இதைத்தான். ஜெர்மனியில அடுத்த மாடல் ரெடியானப்ப, நமக்கு இது புதுசு! பழசைத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு அப்ப முணுமுணுத்தவங்க உண்டு. ஆனா, இன்னிக்கும் பழைய கார் பிரியர்கள் தேடித் தேடி வாங்கறது அந்தப் 'பழசை'த்தான். கனமான தகடு, சிம்பிளான இன்ஜின், எலெக்ட்ரானிக்ஸ் கம்மி. அதுக்கும் வியாதி உண்டு. 90-கள்ல வந்த பல வண்டிகள்ல இன்ஜின் வயரிங் மேல இருக்கற உறை சூட்டுல காஞ்சு, அப்பளமா நொறுங்கிடும். ஏ.சி. காயில் ஒழுகினா டேஷ்போர்டு மொத்தத்தையும் பிரிக்கணும்.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசா என்ன? பழைய மெஷினை ஓட்டறது திருப்பூருக்குக் கைவந்த கலை. வெளிநாட்டுல ஓடி முடிச்ச வட்டப் பின்னல் மெஷினை இறக்கி, மறுபடி வருஷக்கணக்கா ஓட்டற ஊர் இது. பென்ஸோட தலைமையகம் இருக்கற ஸ்டுட்கார்ட்டும், மேயர் நிட்டிங் மெஷினும் குரோஸ்-பெக்கர்ட் ஊசியும் பிறந்த ஆல்ப்ஸ்டாட்டும் ஜெர்மனியில ஒரே மாநிலம்தான்! ஊசி உடையறதுக்கு முன்னாடியே செட்டோட மாத்தற நிட்டிங் மாஸ்டருக்கு காரைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் மகன்தான் 'ஓடற வரைக்கும் ஓடட்டும்'னு விட்டுடறான்.

என் சித்தப்பா கதையைச் சொல்றேன். ஜாப் ஒர்க் நிட்டிங், பத்து மெஷின். 2008-ல, 1999 மாடல் வெளிநாட்டு பெட்ரோல் கார் ஒண்ணு வாங்கினார். (கம்பெனி பேர் வேண்டாம், சித்தப்பா கோவிச்சுக்குவார்!) முதல் ரெண்டு வருஷம் ராஜ வாழ்க்கை. பல்லடம் ரோட்டுல போனா டீக்கடையே திரும்பிப் பார்க்கும். 2010 கடைசியில கூலன்ட் கொஞ்சமா ஒழுக ஆரம்பிச்சது. மெக்கானிக் அண்ணன் அப்பவே சொன்னார்: "ஏனுங்கண்ணா, ஓஸும் ரேடியேட்டரும் இப்பவே மாத்திப் போடுங்க. தள்ளிப் போட்டா அது வேற செலவுங்க." அடுத்த பேமென்ட் வரட்டும்னு சித்தப்பா தள்ளிப் போட்டார்.

பேமென்ட் வரலை. 2011 ஜனவரி 28-ம் தேதி, நொய்யல் மாசு வழக்குல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை ஐகோர்ட் உத்தரவு போட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வீச்சுல மூடின. சாயம் போட துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பின காலம் அது. அவர் மெஷின்ல பாதி நின்னுபோச்சு. கார் மட்டும் தண்ணி ஊத்தி ஊத்தி ஓடிச்சு. மே மாசம், அவிநாசி ரோட்டுல டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டும், 'வீடு பக்கம்தானே'ன்னு ஓட்டினார். ஹெட் கேஸ்கெட் காலி, சிலிண்டர் ஹெட்டும் வளைஞ்சிடுச்சு. ஓஸும் ரேடியேட்டரும் மாத்தியிருந்தா ஆகியிருக்கும் செலவைப் போல எட்டு மடங்கு! ஒன்பது மாசம் அந்தக் கார் கொய்யா மரத்தடியில நின்னுச்சு. சித்தி அது மேல வத்தல் காயப் போட்டாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர் வருமானம் சீசன் வருமானம். ஆர்டர் இருக்கற மாசம் கார் ரிப்பேர் ஆகும்னு எந்த கம்பெனியும் கேரன்டி தர்றதில்லை. அதனால கார் வாங்கற பணத்துல மூணுல ஒரு பங்கை ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வைக்க முடியாதுன்னா, வாங்காதீங்க. இது என் சொந்தக் கணக்கு, நீங்க பாதின்னு வெச்சாலும் நல்லதுதான்.

எந்த மாடல்? பழசு பயம், புதுசு சேஃப்னு நினைச்சா அங்கேயும் ஒரு செக் இருக்கு. 2002-ல வந்த பென்ஸ் இ-கிளாஸ்ல பிரேக்கே எலெக்ட்ரானிக். எத்தனை தடவை மிதிச்சோம்னு உள்ளே எண்ணிக்கிட்டே இருக்கும், சுமார் 3 லட்சம் ஆனதும் எச்சரிக்கை விளக்கு! 2004-ல இந்த பிரேக்குக்காக உலகம் பூரா 6,80,000 கார்களைத் திரும்ப அழைச்சாங்க. 2006-ல அந்த சிஸ்டத்தையே இ-கிளாஸ்ல இருந்து தூக்கிட்டாங்க. பி.எம்.டபிள்யூ.வை எடுத்துக்குங்க. சென்னை பக்கத்துல 2007-ல தொழிற்சாலை திறந்தப்புறம் நம்ம பக்கம் ரோட்டுல நிறைய பார்க்கறோம். அந்தக் காலத்து என் 47 டீசல் இன்ஜின்ல டைமிங் செயின் தேயற புகார் உலகப் பிரசித்தம். செயின் இருக்கறது இன்ஜினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரம். மாத்தணும்னா இன்ஜினையே இறக்கணும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது பின்னாடி இருந்து கரகரன்னு சத்தம் வந்தா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பார்க்கப் போறப்ப, 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு சொல்லிடுங்க. சூடான இன்ஜின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும், ஜில்லுனு இருக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். மீட்டர் 60,000 கி.மீ. காட்டி, பிரேக் பெடல் ரப்பர் மழமழன்னு தேஞ்சிருந்தா யார் பொய் சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 1419-னா 2019-ம் வருஷம் 14-வது வாரம் தயாரிச்சது. ஸ்கேனர் வெச்சிருக்கற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கற காசுக்குக் கணக்குப் பார்க்காதீங்க.

அப்புறம் பேப்பர். டெல்லியில 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. 2025-ல கோர்ட்டே கொஞ்சம் தளர்த்தினது தனிக் கதை. அந்தக் காலத்துல அங்கிருந்து சல்லிசா இறங்கின சொகுசு கார்கள் ஏராளம். ஃபாரம் 28 தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, பழைய லோன் முடிஞ்சதுக்கு ஃபாரம் 35... இதெல்லாம் கையில வராம டி.என். 39-ஓ 42-ஓ கனவு காணாதீங்க. பெட்ரோல் காருன்னா இன்னொண்ணு: இப்ப பங்க்ல வர்றது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸுகளை மாத்திடறது உத்தமம்.

சித்தப்பா கார் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? விக்கலை. 2012-ல புதுப்பேட்டையில பழைய சிலிண்டர் ஹெட் ஒண்ணு தேடிப் பிடிச்சுப் போட்டார். அதுக்கப்புறம் நிட்டிங் ஷெட்டுல மெஷினுக்கு ஒரு நோட்டு, காருக்கு ஒரு நோட்டு. எந்த பார்ட், என்னிக்கு, எத்தனை கிலோமீட்டர்ல, எல்லாம் பென்சில்ல எழுதியிருக்கு. அதுக்கப்புறம் நடுரோட்டுல ஒரு தடவைகூட நிக்கலை. 2014-ல ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணினார், 2019-ல மறுபடி பண்ணினப்ப ஃபீஸ் 600 ரூபாய். 2022-ல அது 5,000 ஆனதால 2024-ல அதைக் கட்டினார். 2025-ல இருந்து 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. நேரா இறக்குமதி பண்ணின காருன்னா 80,000! இவருது இந்தியாவுலயே அசெம்பிள் பண்ணினது, தப்பிச்சார். அடுத்த தடவை 2029-ல. நோட்டோட கடைசிப் பக்கத்துல 'ஆர்.டி.ஓ. 10,000'னு இப்பவே எழுதி, வட்டம் போட்டு வெச்சிருக்கார்.