குண்டுவெடிப்பிலும் கலவரத்திலும் காயமடைந்தவர்களுக்கு அரசு உதவி: யாருக்கு உண்டு, எப்படிக் கேட்பது?



சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். வெளிமாநிலத்தில் வேலை பார்த்த இடத்தில், கடைத்தெருவில் நடந்த குண்டுவெடிப்பில் வலது கையில் மூன்று விரல்களை இழந்தவர். ஒரு காதும் சரியாகக் கேட்காது. அவர் எங்களிடம் கேட்டது தையல் மிஷின் ஒன்றுதான். அரசாங்கத்திடம் மனு கொடுத்தீர்களா என்று கேட்டோம். "பேப்பரில் வந்த பட்டியலில் என் பேர் இல்லை பாய். நமக்கு ஒன்றும் கிடையாது என்று விட்டுவிட்டேன்" என்றார். மருத்துவமனையிலிருந்து அவர் கொண்டு வந்திருந்தது டிஸ்சார்ஜ் தாள் ஒன்று மட்டுமே.

பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது. அவருக்காக அலைந்தபோது நாங்கள் கற்றுக்கொண்டதை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். இப்படி ஒரு நாள் யாருக்கும் வராமல் அல்லாஹ் காப்பானாக.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பணம் ஜகாத்தும் அல்ல, சதகாவும் அல்ல. குடிமக்களின் உயிரையும் உடலையும் காக்க வேண்டிய அரசு, காக்க முடியாமல் போன இடத்தில் கொடுக்க வேண்டிய உதவி. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மதத்தவர் என்பதும் இதற்குத் தகுதி அல்ல, தடையும் அல்ல.

மத்திய அரசின் 5 லட்சம்

பயங்கரவாதத் தாக்குதல், வகுப்புக் கலவரம், நக்ஸல் வன்முறை ஆகியவற்றில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்காக மத்திய உள்துறை அமைச்சகத்தின் திட்டம் ஒன்று உள்ளது. 2008 ஏப்ரல் 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு அது பொருந்தும். தொடக்கத்தில் உதவித்தொகை 3 லட்சம் ரூபாய். 2016 ஆகஸ்டில் அதை 5 லட்சமாக உயர்த்தி, எல்லை தாண்டிய துப்பாக்கிச் சூட்டிலும் கண்ணிவெடியிலும் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தார்கள்.

கோவையிலிருந்து வரும் உறவினர்கள் பலர் 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புக்கும் இதில் மனுச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தேதியின் காரணமாக அவை இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டா.

தகுதி விதிகளில் முக்கியமானவை இவை:

1. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும், 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் நிரந்தர ஊனம் அடைந்தவருக்கும் மட்டுமே இந்தத் தொகை. காயம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும், குணமான பின் ஊனம் 49 சதவீதம் என்று சான்றிதழ் வந்தால் இந்த வாசல் மூடிவிடும்.

2. அந்த வன்முறையைச் செய்தவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ கிடையாது.

3. இதே பாதிப்புக்காகக் குடும்பத்தில் ஒருவருக்கு மத்திய, மாநில அரசு வேலை கொடுத்திருந்தால் கிடையாது.

4. முதலமைச்சரோ வேறு யாரோ அறிவித்த கருணைத் தொகையைப் பெற்றிருந்தாலும் இதைக் கேட்கலாம். "ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டீர்களே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்த விதியைச் சொல்லுங்கள். இதே போன்ற மத்தியத் திட்டம் ஒன்றில் பெற்றிருந்தால் மட்டுமே தடை.

மனு போகவேண்டிய இடம், சம்பவம் நடந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம். ஆட்சியர் தலைமையிலான குழு காவல்துறை, மருத்துவத்துறை அறிக்கைகளைப் பார்த்து முடிவு செய்யும். மாநில அரசு பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மத்திய அரசிடம் பெற்றுக்கொள்ளும்.

தொகையை வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாகப் போட்டு, அதன் வட்டியைச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பது இத்திட்டத்தின் முறை. அந்த வட்டியை என்ன செய்வது என்று நம் மக்கள் கேட்பது இயல்பு. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி அறக்கட்டளைக்கு இல்லை. உங்கள் பள்ளி இமாமிடமோ நம்பிக்கையான ஆலிமிடமோ கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு மனுவே போடாமல் இருந்துவிடாதீர்கள்.

50 சதவீதத்துக்குக் கீழே என்றால்?

காயமடைந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். நமது சகோதரருக்கும் சதவீதம் ஐம்பதுக்குக் கீழேதான் வந்தது. ஆனால் வேறு வழி உண்டு.

குற்றச் செயலால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396ஆம் பிரிவாக இருக்கிறது. தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் வந்தது. தொகைப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 50 சதவீதத்துக்குக் கீழான பகுதி ஊனத்துக்கும் இதில் இடம் உண்டு.

இந்தப் பிரிவில் நமக்குப் பயன்படும் நான்கு செய்திகள்: குண்டு வைத்தவர் யாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மனுச் செய்யலாம். மனு வந்தபின் விசாரணையை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று தந்தால், உடனடி முதலுதவிக்கும் மருத்துவத்துக்கும் இலவசமாக ஏற்பாடு செய்ய உத்தரவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் இழப்பீடு வழங்க நீதிமன்றம் பரிந்துரைக்கலாம்.

கடைசியாகச் சொன்னதற்கு மாலேகான் வழக்கை உதாரணமாகப் பாருங்கள். 2008 செப்டம்பர் 29, ரமலான் மாதத்தில் அங்கே குண்டு வெடித்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூலை 31 அன்று மும்பை சிறப்பு நீதிமன்றம் ஏழு பேரையும் விடுவித்தது. அதே தீர்ப்பில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2 லட்சமும், காயமடைந்தவர்களுக்கு 50,000 ரூபாயும் வழங்கச் சொன்னது. வழக்கின் முடிவு வேறு, இழப்பீடு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் தீர்ப்பு வர ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின. ஆகவே வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் முதலிலேயே மனுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மனுக் கொடுக்கும் இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் வழி கேட்கலாம்.

ரயிலில் நடந்திருந்தால்

2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் வந்து நின்ற குவாஹாட்டி ரயிலில் குண்டுகள் வெடித்து இளம்பெண் ஒருவர் இறந்தார், 14 பேர் காயமடைந்தார்கள். ரயிலிலோ நிலையத்திலோ இப்படி நடந்தால் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு தனியாக ஓர் இழப்பீடு தருகிறது. ரயில்வேயின் தவறு என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். காயத்துக்கு, எந்த உறுப்பு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்ற பட்டியல்படி தொகை. இங்கே 50 சதவீதக் கணக்கு கிடையாது. செல்லுபடியாகும் பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருந்தவரும் கேட்கலாம்.

டிக்கெட் தொலைந்துவிட்டது என்பதனால் மட்டும் மனுவைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியுள்ளது. உண்மையான பயணி என்பதற்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்து, மற்ற விவரங்களையும் காட்ட வேண்டும். மனு, ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கெடு ஓராண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பிறகும் ஏற்கலாம் என்றாலும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

தாள்கள், தாள்கள், தாள்கள்

நமது சகோதரரின் விஷயத்தில் எங்களை அதிகம் அலையவைத்தது சட்டம் அல்ல, காகிதம்தான். காயத்துக்குக் கட்டுப் போட்டதும் பயத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். விசாரணை என்று கூப்பிட்டுத் தன்னையே சந்தேகப்படுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் நம் மக்களிடம் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்குமூலம் கொடுக்காமல் வந்தால், அந்த இடத்தில் நாம் இருந்தோம் என்பதற்கே ஆதாரம் இருக்காது. தனியாகப் போகத் தயக்கமானால் ஜமாஅத் பெரியவர் ஒருவரையோ வழக்கறிஞரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

• முதல் தகவல் அறிக்கையின் நகல், அல்லது அதன் எண்ணும் காவல் நிலையத்தின் பெயரும்
• மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), காயச் சான்றிதழ்
• டிஸ்சார்ஜ் தாள், எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டுகள், ரசீதுகள்
• அரசு மருத்துவக் குழு தந்த ஊனச் சான்றிதழ்
• ஆதார், குடும்ப அட்டை, வங்கி பாஸ்புக் நகல்
• இறப்பு நேர்ந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று

எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் "முஹம்மது", மருத்துவமனைச் சீட்டில் "முகமது", வங்கியில் வெறும் "எம்.டி." என்று இருந்தால் கோப்பு நகராது.

ஊனச் சான்றிதழுக்குப் போகும்போது வெளியே தெரியும் காயத்தை மட்டும் காட்டாதீர்கள். குண்டுச் சத்தத்தில் போன காது, மங்கிய கண், தூக்கமின்மையும் மன பாதிப்பும் எல்லாம் சேர்த்து மதிப்பிடப்பட வேண்டும். மனநோயும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஒரு ஊனவகைதான். சதவீதம் தவறாக வந்துவிட்டது என்று தோன்றினால் அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். நமது சகோதரரின் காதை முதலில் யாரும் சோதிக்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

கடைசியில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக அவருக்கு ஒரு தொகை வந்தது. பெரிய தொகை அல்ல. பட்ட கடனில் பாதிக்கு அடைந்தது. "இந்தப் பணத்தைவிட, எனக்கு நடந்ததை அரசாங்கம் எழுதி ஒத்துக்கொண்டதே, அது போதும் பாய்" என்றார். தையல் மிஷினை பைத்துல்மாலிலிருந்து நாங்கள் கொடுத்தோம்.

உங்கள் உறவினரோ பக்கத்து வீட்டாரோ இப்படிப் பாதிக்கப்பட்டு மனுச் செய்யாமல் இருந்தால், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கையில் உள்ள தாள்களோடு அழைத்து வாருங்கள். மனு எழுதவும் நகல் எடுக்கவும் கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். "வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு" என்று வரும் தரகர்களிடம் மட்டும் அசல் தாள் ஒன்றைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்தின் சார்பாக