புதிய ஆசிரியரும் வகுப்பொழுங்கும்: தீவகப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

வகுப்பறையில் ஒழுங்கு எங்ஙனம் பிறக்கின்றது என்னும் வினா கல்வியியலில் மிகப் பழையது. ஆயினும், நியமனம் பெற்று முதன்முறையாக வகுப்பினுள் நுழையும் ஆசிரியருக்கு அது அன்றே தோன்றிய வினாவாக அமைகின்றது. பாடப்பொருளில் தேர்ச்சியும் கற்பித்தலிற் பயிற்சியும் உடையவர்களும் பிள்ளைகளின் இரைச்சலுக்கு முன் தடுமாறுவதுண்டு. இத்தடுமாற்றத்தின் காரணத்தையும் அதனை நீக்கும் வழியையும், வேலணையையும் அதனை அடுத்த தீவுகளையும் களமாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

இக்களத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகராக 1936 முதல் 1947 வரை விளங்கிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியைத் தந்த ஊர் வேலணை. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு தீவக மக்களைச் சிதறடித்தது. சென்றோருட் பலர் மீளவில்லை. மாணவர் தொகை குறைந்த சிறு பாடசாலைகளில், ஒரே ஆசிரியர் இரு தரங்களை ஒருசேர நடத்தும் பல்தரக் கற்பித்தல் தவிர்க்க இயலாததாகின்றது. யாழ்ப்பாண நகரிலிருந்து வருவோர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணையை அடைவர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோரோ புங்குடுதீவையும் தாண்டிக் குறிகாட்டுவானிற் படகேறல் வேண்டும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் நிறைவெய்தியதும் ஆசிரியர் இடமாற்றம் நாடுதல் இயல்பே. ஆகவே இங்குள்ள பிள்ளை, ஆசிரியர் வருதலையும் போதலையும் கண்டு பழகிய பிள்ளை. ‘இவர் எத்தனை நாளைக்கு?’ என்னும் ஐயமே புதியவரைச் சோதிக்கும் குறும்பாக வெளிப்படல் கூடும். அதனை வெறும் அடங்காமை எனக் கொள்ளுதல் நோயைப் பிழையாக இனங்காண்பதாகும்.

அடங்காமைக்கு மருந்து தண்டனையே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியது. திண்ணைப் பள்ளிகளின் பிரம்பும் கோதண்டமும் இதற்குச் சான்று. ஆயின், அதே திண்ணைப் பள்ளி உலகிற்கு வேறொன்றையும் வழங்கியது. சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லமொன்றை 1789 முதல் நடத்திய அந்திரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தி, கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூல்வழி அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்திற் பரவிற்று. ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை இருப்பின் குழப்பத்திற்கு இடம் குறையும் என்பதே அதன் சாரம் எனலாம்.

இலங்கையில் 2005ஆம் ஆண்டுக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. மாணவர் மீதான உடற்றண்டனை அடிப்படை உரிமைகளை மீறுவது என 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பு நீங்கிய இடத்தில் எதனை வைப்பது என்பதே இன்றைய புதிய ஆசிரியர்முன் உள்ள வினா.

இவ்வினாவுக்கு அமெரிக்க உளவியலாளர் யாக்கோப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் உதவுவதாகும். வகுப்புக்களைப் படம்பிடித்து நோக்கிய அவர், திறமையாக வகுப்பை நடத்துவோரும் நடத்த இயலாதோரும் குழப்பம் நிகழ்ந்த பின்னர் அதனை அடக்கும் விதத்திற் பெரிதும் வேறுபடவில்லை எனக் கண்டார். வேறுபாடு, குழப்பம் நிகழுமுன் அவர்கள் செய்தவற்றிலேயே இருந்தது. எங்கே என்ன நிகழ்கின்றது என்பதை அறிந்திருத்தலும், அறிந்திருப்பதைப் பிள்ளைகள் உணரச் செய்தலும் ஒன்று. இரு காரியங்களை ஒருசேரக் கவனித்தல் மற்றொன்று. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றி நகர்தல் பிறிதொன்று.

நன்னூலைக் கற்றோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்துப் பவணந்தியார், காலமும் இடமும் நோக்குதலையும் சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக் கொள்ளுதலையும் வற்புறுத்துகின்றார். விரைவும் வெகுளியும் இன்றி முகமலர்ந்து, கொள்வோனின் இயல்பறிந்து கற்பித்தலே முறை என்கின்றார். ஒழுங்கு ஆயத்தத்திற் பிறப்பது என்பதே இரண்டிற்கும் பொதுவான உண்மை.

இவ்வுண்மையைத் தீவக வகுப்பொன்றிற் பொருத்திப் பார்ப்போம். முதல் வாரத்திலேயே இடாப்பிலுள்ள பெயர்களை மனத்திற் கொள்ளல் வேண்டும்; பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளை தான் அறியப்பட்டதை உணரும். கொப்பிகளைப் பகிரும் முறை, ஐயம் கேட்கும் முறை, வேலையை முந்தி முடித்தவர் செய்யவேண்டியது ஆகியவற்றைக் கட்டளையாகக் கூறிவிடாது, பாடம்போலவே செய்துகாட்டிப் பயிற்றுதல் நன்று. விதிகள் மூன்று நான்கே போதும். வினாவொன்றைக் கேட்டபின் பொறுத்திருத்தலும் தேவை. ஆசிரியர் பெரும்பாலும் ஒரு விநாடியே பொறுப்பதையும், மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் விரிவதையும் மேரி பட் றோ 1974இல் எடுத்துக்காட்டினார். குழப்பம் தலைகாட்டின் முதலிற் பார்வை, அடுத்து அருகிற் செல்லுதல், அதன்பின்னரே சொல்; அச்சொல்லும் வகுப்பறியப் பழிப்பதாயன்றித் தனியே திருத்துவதாய் அமைதல் வேண்டும்.

பல்தர வகுப்பில் ஒரு தரத்திற்கு எழுத்துவேலை கொடுத்த பின்னரே மற்றத் தரத்திற்குக் கற்பிக்கத் தொடங்குதல் வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு தாமதிக்கும் நாளுக்கென ஒரு வேலை முன்னரே குறிக்கப்பட்டிருப்பின், வகுப்புத் தலைவரே அதனைத் தொடக்கிவைக்கலாம். நாளை திருத்தித் தருவதாகக் கூறிய கொப்பியை நாளையே கொடுத்தல் சிறு செயலாயினும், பிரிவுகளைக் கண்ட பிள்ளைக்கு அது பெரிய உறுதிமொழி.

இம்முறைகள் எல்லாக் குறைகளையும் நீக்கிவிடும் என்பது நம் கருத்தன்று. பசியோடு வரும் பிள்ளைக்கும் வீட்டுத் துயரைச் சுமந்துவரும் பிள்ளைக்கும் வேறு உதவிகளும் வேண்டும். புதியவரிடம் கடினமான வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்காது, அனுபவமிக்க ஒருவரை அவருக்குத் துணையாக்குதல் அதிபரின் கடமை.

ஆசிரியரின் ஆளுமையில் மட்டும் தங்கிய ஒழுங்கு, அவர் இடமாற்றம் பெறும் நாளில் அவருடனேயே சென்றுவிடும். பிள்ளைகளின் பழக்கமாகிவிட்ட ஒழுங்கோ வகுப்பிலேயே தங்கும். தீவகத்திற்கு வரும் புதிய ஆசிரியர் இவ்விரண்டாவது ஒழுங்கையே நாடல் வேண்டும். செல்லும்போது அவ்வகுப்பின் நடைமுறைகளை ஒரு தாளில் எழுதி அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பாராயின், பிள்ளைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.