விளையாட்டு வீரர்களின் நிழல் எழுத்து

விளையாட்டு வீரர்களின் நிழல் எழுத்து என்பது, ஒரு வீரரின் பெயரில் வெளியாகும் தன்வரலாறு, நாளிதழ்ப் பத்தி, வலைப்பதிவு முதலியவற்றை அவருக்காக வேறொருவர் எழுதித் தருவதாகும். அவ்வாறு எழுதுபவர் நிழல் எழுத்தாளர் எனப்படுகிறார். நூலிலோ பத்தியிலோ அவர் பெயர் இடம்பெறலாம், இடம்பெறாமலும் போகலாம்.

வீரர்கள் தாமே எழுதுகிறார்களா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் விடையளிக்க இயலாது. முழுவதும் தாமே எழுதுவது ஓர் எல்லை. பெயரை மட்டும் தருவது மறு எல்லை. பெரும்பாலான எழுத்துகள் இவ்விரண்டுக்கும் இடையில் அமைகின்றன. எனினும், எழுதியவர் யாராக இருப்பினும் அச்சான சொல்லுக்கான பொறுப்பு பெயர் தந்தவரையே சேர்கிறது என்பதைக் கீழ்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

எழுதப்படும் முறைகள்

வீரரின் பங்கைக் கொண்டு இவ்வெழுத்துகளை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

1. வீரர் தாமே எழுதுவது. பதிப்பாசிரியர் பிழை திருத்துவதோடு நின்றுவிடுவார்.
2. வீரர் எழுதிய குறிப்புகளையோ ஒலிப்பதிவுகளையோ கொண்டு மற்றொருவர் நூலாக்குவது.
3. வீரரைப் பலமுறை நேர்காணல் செய்து, அவர் கூறியவற்றைத் தன்மையிடத்தில், அதாவது "நான்" என்று, எழுத்தாளர் எழுதுவது. எழுதியதை வீரர் படித்து ஒப்புதல் அளிப்பார்.
4. எழுத்தாளரே கருத்தையும் சொல்லையும் அமைத்து, வீரரின் பெயரை மட்டும் இடுவது.

நாளிதழ்ப் பத்திகளில் மூன்றாம் முறை பரவலாகக் காணப்படுகிறது. ஆட்டம் முடிந்த பின் வீரர் செய்தியாளரிடம் தொலைபேசியில் சில நிமிடங்கள் பேசுவார். செய்தியாளர் அதைச் சில நூறு சொற்களில் எழுதி அனுப்புவார். அன்றிரவே அச்சுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், எழுதியதை வீரர் படித்துப் பார்க்க எப்போதும் நேரம் கிடைப்பதில்லை. அந்நிலையில் மூன்றாம் முறை நான்காம் முறையை நெருங்கிவிடுகிறது.

வரலாறு

அமெரிக்காவில் இம்முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் கிறிஸ்டி வால்ஷ் குறிப்பிடத்தக்கவர். இவர் 1921ஆம் ஆண்டில் அடிபந்தாட்ட வீரர் பேப் ரூத்துடன் ஒப்பந்தம் செய்து, ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதச் செய்து நாளிதழ்களுக்கு விற்றார். ரூத்துக்காக எழுதியவர்களுள் ஃபோர்டு ஃபிரிக் என்ற செய்தியாளரும் ஒருவர். 1928இல் ரூத்தின் பெயரில் வெளியான அடிபந்தாட்ட நூலை எழுதியவரும் இவரே. ஃபிரிக் 1951 முதல் 1965 வரை அவ்விளையாட்டின் ஆணையராக இருந்தார். 1961இல் ரோஜர் மாரிஸ், ஒரு பருவத்தில் 60 ஓட்ட அடிகள் என்ற ரூத்தின் சாதனையை நெருங்கியபோது, அதை 154 ஆட்டங்களுக்குள் முறியடிக்காவிட்டால் தனியாகவே பதிய வேண்டும் என்று ஃபிரிக் அறிவித்தார். ஒருகாலத்தில் ரூத்தின் பெயரில் எழுதியவரே ரூத்தின் சாதனை குறித்துத் தீர்ப்பளித்தது அன்று விமர்சனத்துக்கு உள்ளானது.

துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) டான் பிராட்மனின் எழுத்து இருமுறை சிக்கலானது. 1930ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது அவருடைய நூலின் பகுதிகள் இலண்டன் நாளிதழில் வெளியாயின. இது பயண ஒப்பந்தத்தை மீறியதெனக் கருதிய ஆஸ்திரேலிய வாரியம் அவருக்கு 50 பவுண்டு அபராதம் விதித்தது. 1932இல், இதழியலையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளாத வீரர் ஆட்டங்களைப் பற்றி எழுதக் கூடாது என்ற விதியை வாரியம் அவர்மீது செலுத்தியது. நாளிதழுடன் செய்த ஒப்பந்தத்தை மீறமாட்டேன் என்று பிராட்மன் கூறினார். இறுதியில் நாளிதழ் நிறுவனமே அவரை விடுவித்ததால் அவர் அத்தொடரில் ஆட முடிந்தது.

பொறுப்பு யாருடையது

1956இல் மான்செஸ்டர் தேர்வுப் போட்டியில் 19 இலக்குகளை வீழ்த்திய ஜிம் லேக்கர், 1960இல் ஒரு நூலை வெளியிட்டார். வேறொருவரின் துணையுடன் எழுதப்பட்ட அந்நூலில் சரே அணித்தலைவர் பீட்டர் மே உள்ளிட்டோர் மீது கடுமையான விமர்சனங்கள் இருந்தன. சரே கழகமும் மேரிலபோன் துடுப்பாட்டக் கழகமும் லேக்கருக்கு அளித்திருந்த சிறப்புரிமைகளைத் திரும்பப் பெற்றன. சொற்களை அமைத்தவர் மற்றொருவர் என்பது அவருக்குப் பாதுகாப்பாக அமையவில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லியின் தன்வரலாறு 1990களின் தொடக்கத்தில் வெளியானபோது, அதில் தம் கூற்று தவறாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று அவரே கூறினார். தம் தன்வரலாற்றிலேயே தாம் சொல்லாதது இருப்பதாகக் கூறியது பரவலான நகைப்புக்கு இடமானது. வெளியாகும் முன் படித்துப் பார்ப்பது வீரரின் கடமை என்பதே அந்த நகைப்பின் பொருள்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு டென்னிசு வீரர் ஆந்த்ரே அகாசியின் 'ஓப்பன்' (2009). எழுத்தாளர் ஜே. ஆர். மோரிங்கர் அகாசியுடன் நீண்ட நேர்காணல்கள் நடத்தி எழுதிய நூல் இது. தம் பெயர் அட்டையில் வேண்டாம் என்றவர் மோரிங்கரே. அகாசி அவருடைய பங்கை நன்றியுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். தாம் போதைப்பொருள் பயன்படுத்தியதையும் டென்னிசை வெறுத்ததையும் அகாசி ஒப்புக்கொண்ட இந்நூல், நிழல் எழுத்து என்பதாலேயே ஒரு நூல் உண்மையற்றதாகிவிடாது என்பதற்குச் சான்றாகும்.

இந்தியாவில்

வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) வீரர் தியான் சந்தின் தன்வரலாறான 'கோல்' 1952இல் சென்னையில் வெளியானது. அதை வெளியிட்டது 'ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்' இதழ் நிறுவனம். சுனில் கவாஸ்கரின் 'சன்னி டேஸ்' 1976இல், அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிவந்தது. ஆகாஷ் சோப்ரா 2007-08 உள்நாட்டுப் பருவத்தைப் பற்றிய 'பியாண்ட் தி புளூஸ்' நூலை 2009இல் வெளியிட்டார். தில்லி அணி ரஞ்சிக் கோப்பையை வென்ற பருவம் அது.

2010க்குப் பின் இணையாசிரியரின் பெயரை வெளிப்படையாகக் குறிக்கும் வழக்கம் பெருகியது. சில எடுத்துக்காட்டுகள்:

* அபினவ் பிந்த்ரா, 'எ ஷாட் அட் ஹிஸ்டரி' (2011): ரோகித் பிரிஜ்நாத்
* மேரி கோம், 'அன்பிரேக்கபிள்' (2013): தினா செர்ட்டோ
* சச்சின் டெண்டுல்கர், 'பிளேயிங் இட் மை வே' (2014): போரியா மஜும்தார்
* வி. வி. எஸ். லட்சுமண், '281 அண்டு பியாண்ட்' (2018): ஆர். கௌசிக்
* விசுவநாதன் ஆனந்த், 'மைண்ட் மாஸ்டர்' (2019): சூசன் நினான்
* இரவிச்சந்திரன் அசுவின், 'ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்' (2024): சித்தார்த் மோங்கா

டெண்டுல்கரின் நூலில், 2007 உலகக்கோப்பைக்கு முன் பயிற்றுநர் கிரெக் சாப்பல் தம் வீட்டுக்கு வந்து, திராவிடிடமிருந்து தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு கூறியதாக ஒரு செய்தி உள்ளது. சாப்பல் இதை மறுத்தார். அந்த விவாதம் முழுவதும் டெண்டுல்கரின் கூற்றாகவே நடந்தது. இணையாசிரியரின் கூற்றாக அன்று.

தமிழ்நாட்டு வீரர்களுள் அசுவினிடம் இரு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவருடைய நூல் ஆங்கிலத்தில் இணையாசிரியருடன் எழுதப்பட்டது. தம் யூடியூப் தடத்திலோ அவர் தமிழிலேயே நேரடியாகப் பேசுகிறார். பேச்சில் காட்சித் தொகுப்பு பிறர் வேலையாக இருக்கலாம். சொற்கள் அவருடையவையே என்பதைக் கேட்பவர் உணர முடியும்.

வலைப்பதிவுகள்

வலைப்பதிவில் வீரருக்கும் வாசகருக்கும் இடையே எவருமில்லை என்ற எண்ணம் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. ஒலிம்பிக் விளையாட்டுகளின்போது போட்டியாளர்கள் செய்தியாளர்களாகச் செயல்பட விதிகளின்படி தடை உண்டு. 2008 பெய்ஜிங் விளையாட்டுகளையொட்டிப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு வெளியிட்ட நெறிமுறைகள், வலைப்பதிவை இதழியலாகக் கொள்ளாமல் தனிப்பட்ட கருத்து வெளிப்பாடாக ஏற்றன. எழுதுவது தன்மையிடத்தில், நாட்குறிப்பு வடிவில், சொந்த அனுபவமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2014இல் டெரெக் ஜீட்டர் தொடங்கிய 'தி பிளேயர்ஸ் டிரிபியூன்' தளம் வீரர்களின் கட்டுரைகளை அவர்கள் பெயரிலேயே வெளியிட்டது. அவற்றுள் பல, தளத்தின் ஆசிரியர்கள் வீரர்களிடம் உரையாடித் தொகுத்தவை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2009 இந்தியன் பிரீமியர் லீக்கில் நடந்தது. கொல்கத்தா அணியில் இடம் கிடைக்காத வீரர் ஒருவர் எழுதுவதுபோல, பெயரற்ற வலைப்பதிவொன்று அணியின் உட்செய்திகள் எனச் சிலவற்றை வெளியிட்டது. உண்மையான வீரர்கள் சிலர்மீதும் ஐயம் விழுந்தது. 2010இல் எழுதியவர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். அவர் அனுபம் முகர்ஜி. பெங்களூருவைச் சேர்ந்த சந்தைப்படுத்தல் பணியாளர். எந்த அணியிலும் ஆடியவர் அல்லர். நிழல் எழுத்தில் வீரரின் பெயர் இருக்கிறது, எழுத்து பிறருடையது. இங்கோ வீரரே இல்லை. அவருடைய குரல் மட்டும் புனையப்பட்டது.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை இயற்றியவரே. உரிமையை மற்றொருவருக்கு மாற்ற எழுத்து வடிவிலான, கையொப்பமிட்ட ஆவணம் தேவை (பிரிவு 19). உரிமையை மாற்றிய பின்னரும், படைப்பு தம்முடையது எனக் கோரும் தனியுரிமை இயற்றியவருக்கு உண்டு (பிரிவு 57). ஆகவே நிழல் எழுத்தாளருடன் செய்யும் ஒப்பந்தங்களில் ஊதியம், பெயரிடல், இரகசியம் காத்தல் ஆகியவை தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன.

கண்டறியும் முறைகள்

எழுதியவரை எழுத்தைக் கொண்டே கண்டறியும் துறை நடையளவையியல் ஆகும். 1964இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்போர் அமெரிக்க அரசியலமைப்பு பற்றிய 12 கட்டுரைகளின் ஆசிரியர் மேடிசனே என்று சிறுசொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிறுவினர். எழுதுவோர் எண்ணிப் பார்க்காமல் கையாளும் இணைப்புச் சொற்களும் வாக்கிய நீளமும் கைரேகை போல ஓரளவு நிலையானவை.

வீரர்களின் எழுத்துக்கு இம்முறையைப் பயன்படுத்துவதில் மூன்று தடைகள் உள்ளன.

* ஒப்பிடுவதற்கு, வீரர் தாமே எழுதியது என உறுதியான எழுத்து வேண்டும். அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.
* சில நூறு சொற்கள் மட்டுமே கொண்ட ஒரு பத்தி கணக்கீட்டுக்குப் போதாது.
* மொழிபெயர்ப்பில் நடை மாறிவிடுகிறது. ஆங்கிலப் பத்தி தமிழில் வெளியாகும்போது வாசகர் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் குரலையே.

தமிழில் மற்றொரு கடினமும் உண்டு. '-உம்', '-ஏ', '-தான்' போன்றவை சொல்லோடு ஒட்டியே வருவதால், எண்ணுவதற்கு முன் சொற்களைப் பகுதி, விகுதிகளாகப் பிரிக்க வேண்டும்.

சான்றாகப் பயன்படுத்துதல்

வீரர்களின் நூல்களைக் கட்டுரைக்கு மேற்கோள் காட்டும் மாணவர்கள் நன்றியுரை, உரிமைப் பக்கம், இணையாசிரியர் பெயர் ஆகியவற்றை முதலில் பார்ப்பது பயன் தரும். "துணையுடன்" என்ற குறிப்பு நேர்மையின் அடையாளமாகும், குறையன்று. ஒரு நிகழ்வைப் பற்றிய வீரரின் கருத்துக்கு இந்நூல்கள் முதன்மைச் சான்றுகள். ஓட்டங்கள், நாட்கள், ஆட்ட முடிவுகள் போன்றவற்றை ஆட்டப் பதிவேடுகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். சொல்லழகைக் கொண்டு வீரரின் குணத்தையோ கல்வியையோ மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அந்த அழகு எழுதிக் கொடுத்தவருடையதாக இருக்கலாம்.