அழைப்பு வராத தேவதை

1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே திருப்பித் தருவதென்று ஒப்பந்தமான ஆண்டு 1697. அதே ஆண்டில்தான் பாரிஸில் சார்ல் பெரோவின் தேவதைக் கதைத் தொகுப்பு வெளிவந்தது. சிண்ட்ரெல்லாவும் தூங்கும் அழகியும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள். பிற்காலத்தில் கார்ட்டூன் படங்களை ஆண்ட வில்லிகளும் இருக்கிறார்கள்.

தூங்கும் அழகி பிறந்ததற்கு அரண்மனையில் விருந்து. ஏழு தேவதைகளுக்கு அழைப்பு. ஒவ்வொருவருக்கும் தங்க உறையில் கரண்டியும் கத்தியும். எட்டாவதாக ஒரு கிழத் தேவதை வந்து நிற்கிறாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோபுரத்தை விட்டு வெளியே வராதவள். செத்திருப்பாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளுக்கும் இடம் போடுகிறார்கள். தங்க உறை மட்டும் இல்லை, ஏழுதான் செய்திருந்தார்கள். சாபம் அங்கே பிறக்கிறது.

கல்யாணப் பத்திரிகை வைக்காததால் முறிந்த உறவுகள் நம் ஊரில் எத்தனை!

வில்லியின் கோபத்துக்கு நமக்குப் புரிகிற காரணம் இருக்க வேண்டும். அவள் செய்ததை மன்னிக்க மாட்டோம். ஏன் செய்தாள் என்பது மட்டும் நெஞ்சில் தைக்கும். டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) இந்தக் கிழவியைத்தான் கொம்பு முளைத்த மெலிஃபிசென்ட் ஆக்கியது. அவளை வரைந்தவர் மார்க் டேவிஸ். தீநாக்குகள் போன்ற விளிம்புள்ள கறுப்பு அங்கி, நிதானமான பேச்சு, கூடவே ஓர் அண்டங்காக்கை. கத்தாமலே மிரட்டுகிறாள்.

அவளுக்குக் குரல் கொடுத்த எலினோர் ஆட்லிதான் 1950-இல் வந்த 'சிண்ட்ரெல்லா'வின் மாற்றாந்தாய்க்கும் குரல் கொடுத்தவர். அந்தச் சித்திக்கு மந்திரம் தெரியாது. சிண்ட்ரெல்லாவை மாடி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே நடக்கக்கூடிய கொடுமை என்பதால் பிள்ளைகளுக்கு அது சாபத்தைவிட அதிகம் வலிக்கிறது.

'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தின் கடல் சூனியக்காரி உர்சுலா, ஏரியலிடம் எதையும் பிடுங்குவதில்லை, விலை பேசுகிறாள். மூன்று நாளைக்கு மனித உருவம், பதிலுக்குக் குரல். கையெழுத்துப் போடுவது ஏரியல்தான். எந்த ஆசைக்கு எதிராளி மடங்குவாள் என்று தெரிந்துவைத்திருப்பதே உர்சுலாவின் பலம்.

நம் பக்கத்தில் இரணியன் இருக்கிறான். தஞ்சை மெலட்டூர் பாகவத மேளாவின் பிரகலாத நாடகத்தில் அவன் வலுவான பாத்திரம். அவன் கதையைச் சொல்லும், அஷ்வின் குமார் இயக்கிய 'மகாவதார் நரசிம்மா' (2025) அனிமேஷன் படம் தமிழிலும் வந்தது. உடன்பிறந்த இரணியாட்சனைத் திருமாலிடம் பறிகொடுத்தவன், பெற்ற மகன் வாயிலிருந்தே அந்தத் திருமாலின் பெயரைக் கேட்கிறான். பாசமும் பழியும் ஒரே நெஞ்சில் மோதுகின்றன. வெறும் அரக்கனாக இருந்திருந்தால் இந்தக் கதை இத்தனை தலைமுறை தாண்டியிருக்காது.

அடுத்த முறை பிள்ளைகளோடு இப்படி ஒரு படம் பார்க்கும்போது, வில்லன் எப்போது தோற்பான் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவனுக்கு ஏன் இந்தக் கோபம் வந்தது என்றும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.