குளிசை குடிக்கும் பிள்ளை உடம்பைச் சொறிந்தால்...

சென்ற வருடம் எனது தரம் 4 வகுப்பில் ஒரு மாணவனைக் கடைசி வாங்கில் தனியாக இருத்தினேன். அவன் சொறிந்துகொண்டே இருந்தான் என்பதுதான் காரணம். இரண்டாம் பாடம் தொடங்கும்போது கழுத்தில் ஆரம்பிப்பான், பிறகு கை, வயிறு, முதுகு. "சேர், அவனுக்குச் சிரங்கு. எங்கட புள்ளைக்கும் ஒட்டிரும்" என்று பக்கத்துப் பிள்ளையின் தாய் முறையிட்டதும், யோசிக்காமல் அதைச் செய்தேன். அவனது உம்மாவுக்கும் கொப்பியில் எழுதி அனுப்பினேன். அவர் சிரங்குக்குப் பூசும் மருந்தை வாங்கி உடம்பெல்லாம் பூசினார். எரிச்சல் கூடியது, கடி குறையவில்லை. அடுத்ததாகப் பிரிட்டன் குளிசை கொடுத்தார். பிள்ளை மேசையில் தலை வைத்துத் தூங்கத் தொடங்கினான். அதற்கும் நான்தான் முறைப்பாடு எழுதினேன்.

ஒருநாள் அந்தத் தாய் நேரில் வந்தார். "சனி, ஞாயிறு கடி இல்ல சேர். இஸ்கூல்லதான் என்னமோ இரிக்கி" என்றார். நான் வீட்டைக் குறை சொன்னேன், அவர் பாடசாலையைக் குறை சொன்னார். "பாடசாலை நாட்களில் மட்டும் வேறாக ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்கில் தந்த ஒரு குளிசையைக் காலையில் கொடுப்பதாகச் சொன்னார். ஊரில் தெரிந்தால் பிள்ளைக்குப் 'பைத்தியம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் குளிசை மெத்தில்பெனிடேட். ரிட்டாலின் என்ற பெயரில் 1950களிலிருந்து விற்பனையில் உள்ள, நன்கு அறியப்பட்ட மருந்து. ஓரிடத்தில் இருக்க முடியாமல், கவனம் நிலைக்காமல் அவதிப்படும் ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு விசேட வைத்தியர்கள் இதை எழுதுகிறார்கள். இது தூக்க மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது தூண்டும் வகை மருந்து. மூளையில் டோபமைன், நோர்எபிநெப்ரின் ஆகியவற்றின் அளவைக் கூட்டி, கவனத்தை ஒன்றில் பிடித்து வைக்க உதவுகிறது. சாதாரணக் குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்ய ஆரம்பித்து, சுமார் நான்கு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். என் மாணவன் காலை 6.45க்குக் குடித்தான். சொறியத் தொடங்கியது எட்டு மணிக்குப் பிறகு.

பசி குறைதல், தூக்கம் பிந்துதல், தலையிடி பற்றிக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தோல் பற்றி அந்தத் தாய்க்கு நினைவில்லை. ஆனால் இம்மருந்தின் ஐரோப்பிய விபரத்தாள்களில் அரிப்பு, தோல் தடிப்பு, காணாக்கடி ஆகியன 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை ஏற்படக்கூடியவை என்ற பிரிவில்தான் இருக்கின்றன. சிலரின் உடல் மருந்தையோ, குளிசையில் சேர்த்த நிறமூட்டியையோ எதிரியாக நினைத்து ஹிஸ்டமினை வெளியிடுவதால் தோல் தடித்து அரிக்கிறது. வேறு சிலருக்குத் தடிப்பே இருக்காது, பதற்றத்தில் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்குவார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதால் வைத்தியர் தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்காகக் குளிசை குடிக்கும் பிள்ளை சொறிந்தால் குளிசைதான் காரணம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. சிரங்கு நம் ஊர்களில் நிறையவே உண்டு. அது இரவில் கூடுதலாகக் கடிக்கும், விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் இருக்கும், வீட்டில் மற்றவர்களும் சொறிவார்கள். காணாக்கடியின் தடிப்பு அப்படியல்ல. திடீரென எழும், இடம் மாறும், ஒரு தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். வேர்க்குரு, புதிய சவர்க்காரம், இறால், வேறொரு மருந்து என்று இன்னும் எத்தனையோ காரணங்கள் உண்டு. எனவே குளிசை குடித்த நேரம், கடி தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், உடம்பில் எந்த இடம் என்று ஒரு கிழமைக்கு எழுதுங்கள். தடிப்பு வந்தவுடன் போனில் படம் எடுங்கள், கிளினிக்குக்குப் போகும்போது அது மறைந்திருக்கும்.

உதடு, கண், முகம் வீங்கினால், மூச்சு விடக் கஷ்டப்பட்டால், தோலில் கொப்புளம் எழும்பினால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

வெறும் அரிப்பு என்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல், மருந்து எழுதிய வைத்தியரிடம் முந்திப் போய்ச் சொல்லுங்கள். நான் அதிகம் பயப்படுவது, சொல்லாமல் நிறுத்துவதைத்தான். பிள்ளை குடிக்கவில்லை என்று தெரியாத வைத்தியர், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டி எழுதக்கூடும். அதேபோல, கேட்காமல் கடிக் குளிசை கொடுத்து வகுப்பில் தூங்க வைப்பதும் சரியல்ல. ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அதனால் வைத்தியரிடம் போவது பிந்தக் கூடாது.

அந்தத் தாய் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனார். வைத்தியர் படங்களைப் பார்த்து அந்தக் குளிசையை நிறுத்தினார். இரண்டு நாளில் கடி போய்விட்டது. சில வாரங்களின் பின் வேறு வகை மருந்தொன்றை ஆரம்பித்தார்கள், அது அவனுக்கு ஒத்துப்போனது.

ஆசிரியர் கலாசாலையில் விசேட தேவையுள்ள பிள்ளைகள் பற்றிப் படித்தேன். அவர்கள் குடிக்கும் மருந்து பற்றி எதுவும் படித்ததாக நினைவில்லை. ஆனாலும் காலை 7.30 முதல் 1.30 வரை, மருந்து வேலை செய்யும் அந்த நேரம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆசிரியர்கள்தான். எங்களிடம் மறைத்தால் நாங்கள் சிரங்கு என்போம், குழப்படி என்போம், சோம்பேறி என்போம். நான் மூன்றையும் சொன்னேன். அவனை முன்வாங்குக்கு அழைத்தபோது முதலில் வர மறுத்தான். "நான் ஒட்ட மாட்டன்தானே சேர்?" என்று கேட்டான்.

இந்த வருடம் முதல் தவணையில் ஒரு தாய் தானாகவே வந்து, "இவருக்குக் காலையில குளிசை ஒண்டு குடுக்கிற சேர்" என்று சொன்னார். பெயரையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தக் கொப்பியை வகுப்பில் வைப்பதில்லை.